கம்பெனி கேபிளா, லோக்கல் கேபிளா, இன்னர் மட்டும் போதுமா?

என்னுடைய 150 சிசி வண்டிக்கு ஏழு வருஷம் ஆகிறது. அதற்குள் மூன்று வழியிலும் கிளட்ச் கேபிள் போட்டுப் பார்த்துவிட்டேன். வண்டியோடு வந்தது நாலரை வருஷம், ஏறக்குறைய 41,000 கிலோமீட்டர் ஓடியது. அது அறுந்த பிறகு கடையில் கிடைத்த லோக்கல் கேபிள் ஒன்றைப் போட்டேன், ஒன்பது மாதம். அப்புறம் பழைய அவுட்டரிலேயே, அதாவது மேலுறையிலேயே, உள்ளே ஓடும் இன்னர் கம்பியை மட்டும் மாற்றினேன், ஐந்து மாதம்கூடத் தாங்கவில்லை. இப்போது வண்டியில் இருப்பது கம்பெனி கேபிள். ஒன்றரை வருஷம் ஆகிறது. அடுத்த முறையும் அதைத்தான் வாங்குவேன். விலைக்காக அல்ல, பராமரிப்புக்காக.

விலையை முதலில் முடித்துவிடுகிறேன். கம்பெனி கேபிளுக்கு நான் கொடுத்தது 260 ரூபாய். லோக்கல் 120. இன்னர் மாற்றி, கம்பி முனையில் இருக்கும் உலோகக் குமிழான நிப்பிளைப் பற்றவைத்துத் தர 80. மாதம் ஒருமுறை டாங்க் நிரப்புகிறவருக்கு இந்த வித்தியாசம் ஒரு பொருட்டே இல்லை. லோக்கல் வாங்கியதும் காசை மிச்சம் பிடிக்க அல்ல. கேபிள் அறுந்தது ராயபுரத்தில் ஒரு சிக்னலில், மாலை ஏழு மணிக்கு. லீவர் பிடிப்பில்லாமல் கையோடு வந்தது, வண்டி முதல் கியரில் ஒரு குதி குதித்து நின்றது. தள்ளிக்கொண்டு போன வழியில் திறந்திருந்த கடையில் இருந்தது அது ஒன்றுதான்.

இன்னர் மட்டும் மாற்றும் வழக்கம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். அப்பாவிடம் பழைய பஜாஜ் சேத்தக் இருந்தது. அந்த ஸ்கூட்டர்களில் அவுட்டர் உடம்புக்குள் ஓடும். அதை அப்படியே விட்டுவிட்டு, புது இன்னரைக் கோத்து, மறுமுனையைத் திருகு வைத்த நிப்பிளில் இறுக்கிவிடுவார்கள். பத்து நிமிஷ வேலை. அது அந்த வண்டிக்குச் சரி. மோட்டார் சைக்கிளில் இரண்டு முனையிலும் நிப்பிள் கம்பியோடு சேர்த்தே வார்த்திருக்கும். பட்டறையில் ஒரு முனையை ஈயம் வைத்துத்தான் பிடிக்க வைக்க முடியும். கம்பி இழைகளைப் பூப்போல விரித்து, அமிலத்தில் துடைத்து, உருகிய ஈயத்தில் முக்கி எடுக்கும் கை தேர்ந்தவர்கள் செய்தால் நிற்கும். எனக்குச் செய்தவர் அவசரத்தில் செய்தார், நிப்பிள் உருவிக்கொண்டு வந்துவிட்டது. நல்ல கைக்காரர் செய்திருந்தால் என் முடிவு மாறியிருக்கலாம், ஒரே அனுபவத்தை வைத்து அந்த வேலையையே குறை சொல்ல மாட்டேன். ஆனாலும் அவுட்டர் பழையதுதானே. புதுக் கம்பி பழைய துருவுக்குள்தான் ஓடப்போகிறது.

இனி மற்ற இரண்டுக்கும் வருகிறேன். செத்துப்போன இரண்டு கேபிள்களையும் ஹேக்ஸா பிளேடால் குறுக்கே அறுத்துப் பார்த்தேன். வெளியே இரண்டும் ஒன்றுபோலத்தான்: கறுப்புத் தோல், அதற்கு அடியில் சுருள் சுருளாகச் சுற்றிய எஃகுக் கம்பி. கம்பெனி கேபிளில் அந்தச் சுருளுக்கும் உள்ளே வெள்ளை நிறத்தில் மெல்லிய பிளாஸ்டிக் குழாய் இருந்தது. இன்னர் ஓடுவது அந்தக் குழாய்க்குள். நான் வாங்கிய லோக்கலில் குழாயே இல்லை. எஃகுக் கம்பி எஃகுச் சுருளின் மேல் நேரடியாக உரசிக்கொண்டிருந்திருக்கிறது. ஒன்பது மாதத்தில் உள்ளே செங்கல் நிறத்தில் துரு. நான் இருப்பது திருவொற்றியூர், கடற்காற்று வீட்டுக் கதவுக் கீலையே தின்னும் ஊர். கடலைவிட்டுத் தள்ளி வறண்ட பக்கம் ஓட்டுகிறவருக்கு இவ்வளவு சீக்கிரம் ஆகாது என்றே நினைக்கிறேன்.

குழாய் இல்லாத கேபிளுக்கு எண்ணெய்தான் உயிர். மாதம் ஒருமுறையாவது லீவர் முனையைக் கழற்றி, சிரிஞ்சால் என்ஜின் ஆயிலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, மறுமுனையில் கசியும் வரை காத்திருக்க வேண்டும். நான் முதல் இரண்டு மாதம் செய்தேன், அப்புறம் விட்டுவிட்டேன். பெரும்பாலானவர்கள் அப்படித்தான். துரு போக்கும் ஸ்ப்ரேயை அடித்து அதையே எண்ணெய் என்று நம்புவதும் தவறு. அது பழைய பசையையும் கழுவிக்கொண்டு காய்ந்துவிடும். கெட்டி கிரீஸை உள்ளே திணிப்பது அதைவிட மோசம், புழுதியைப் பிடித்துவைத்துக்கொண்டு லீவரைக் கல்லாக்கிவிடும். குழாய் உள்ள கேபிளில் இந்த வேலை பெருமளவு குறைகிறது. வண்டியோடு வரும் கையேட்டில் சொன்ன இடைவெளியில் ஒரு பார்வை பார்த்தால் போதும்.

ஆனால் கம்பெனி கேபிளாக இருந்தாலும் ஒரு இடத்தை விட்டுவிட்டால் அறுந்தே தீரும். லீவருக்குள் உட்காரும் நிப்பிள்தான் அது. சிறிய உருளை. லீவரை இழுக்கும்போது அது தன் குழிக்குள் லேசாகச் சுழல வேண்டும். காய்ந்துபோனால் சுழலாது. அப்போது வளைவது முழுக்க நிப்பிளின் கழுத்தில் இருக்கும் கம்பி. ஒரு சிக்னலுக்கு நாலு தரம், ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான தரம், ஒரே இடத்தில் மடிகிறது. ஒரு பேப்பர் கிளிப்பை முன்னும் பின்னும் மடக்கினால் என்ன ஆகும்? இழை இழையாக விடும். என் முதல் கேபிள் அறுந்தது சரியாக அங்கேதான். நடுவில் ஒரு கீறல்கூட இல்லை. நாலரை வருஷத்தில் அந்தக் குழிக்கு நான் ஒருமுறைகூட கிரீஸ் வைத்ததில்லை.

அதனால் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரப்பர் தொப்பியை ஒதுக்கி, நிப்பிளை வெளியே எடுத்து, பட்டாணி அளவு கிரீஸ் தடவி மாட்டுகிறேன். அப்போதே விரலால் கழுத்தைத் தடவிப் பார்த்துவிடலாம். ஓர் இழை குத்தினாலும் கேபிளின் காலம் முடிந்தது, அறுவதற்குக் காத்திருக்காமல் மாற்றிவிட வேண்டும். லோக்கலில் எனக்கு வந்த இன்னொரு தொல்லையும் இங்கேதான். நிப்பிள் குழியைவிடக் கொஞ்சம் தடித்திருந்தது. கடைக்காரர் அரம் வைத்து ராவிக் கொடுத்தார். ராவிய இடம் சொரசொரப்பாக இருந்தால் அது எப்படிச் சுழலும்?

நீளமும் முக்கியம். லோக்கல் கேபிளின் இன்னர் ஒரு சென்டிமீட்டர் கூடுதலாக இருந்தது. மாட்டும்போதே என்ஜின் பக்க அட்ஜஸ்டர் பாதிக்கு மேல் போய்விட்டது. முதல் மாதத்தில் மூன்று தரம் ப்ளே, அதாவது கேபிள் இறுகும் முன் லீவர் சும்மா நகரும் தூரத்தை, சரிசெய்தேன். கம்பெனி கேபிளில் முதல் வாரம் ஒருமுறை, அவ்வளவுதான். லீவர் நுனியில் 10 முதல் 20 மில்லிமீட்டர் ப்ளே என்பது பல வண்டிகளின் கையேட்டில் இருக்கும் அளவு. உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்று அதில் பார்த்துக்கொள்ளுங்கள். ப்ளே இல்லாமல் இறுக்கினால் கிளட்ச் வழுக்கி பிளேட் தேயும். 140 ரூபாய் மிச்சம் பிடித்தவர் பிளேட் செட்டுக்கு அழ வேண்டிவரும். ப்ளே கூடினால் நியூட்ரல் விழாது, கியர் முட்டும்.

மாட்டுவதில் பெரிய வித்தை எதுவுமில்லை. லீவர் அட்ஜஸ்டரை முழுக்க உள்ளே திருகி, அதன் வெட்டும் லீவரின் வெட்டும் ஒரே நேராக வரும்படி வைத்தால் கேபிள் தானாக வெளியே வரும். பழைய கேபிளை உருவும் முன் அதன் முனையில் நூல் கட்டிவிடுங்கள். அந்த நூலைப் பிடித்தே புதியது அதே வழியில் போய்விடும். வழி மாறி எங்காவது கூர்மையாக மடங்கினால் எந்த கேபிளும் கனக்கும். மாட்டி முடித்ததும் ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பி, ப்ளே மாறுகிறதா என்று பார்க்க வேண்டும்.

எங்கள் தெரு மெக்கானிக் வயதில் மூத்தவர். கேபிளை மாட்டும் முன் தரையில் லேசாக வளைத்துப் போட்டு, இன்னரைக் கையால் இழுத்துக் காட்டினார். "மாட்டுறதுக்கு முன்னாடி பாருங்க தம்பி. மாட்டிட்டா உங்க கைக்கு எல்லாம் ஒரே மாதிரிதான் தெரியும்." நேரம் இருந்தால் சென்னை ஜி.பி. ரோடு போய் உதிரிபாகம் வாங்குகிறவர்கள் கடையிலேயே இதைச் செய்து பார்க்கலாம். தடங்கல் தெரிந்தால் அங்கேயே வைத்துவிட்டு வரலாம்.

லோக்கலுக்கும் என்னிடம் ஓர் இடம் உண்டு. சீட்டுக்கு அடியில் ஒன்று சுருட்டி வைத்திருக்கிறேன், கூடவே ஒரு 10, ஒரு 12 ஸ்பேனர். நீண்ட தூரம் போகிறவர்கள் இன்னும் ஒரு படி மேலே போய், உதிரி கேபிளை ஓடும் கேபிளுக்குப் பக்கத்திலேயே பிளாஸ்டிக் டேக் போட்டுக் கட்டிவைப்பார்கள். அறுந்தால் இரண்டு முனையையும் மாட்டினால் போதும். நகரத்துக்குள் எனக்கு சீட்டுக்கு அடியில் இருப்பதே போதும், நிப்பிள் குழிக்குள் சரியாகச் சுழல்கிறதா என்று முன்கூட்டியே மாட்டிப் பார்த்துத்தான் வைத்திருக்கிறேன்.