வீடியோவா, கருப்புச் சதுரமா?

ஒரு போராட்டத்துக்குச் சமூக ஊடகத்தில் எது உண்மையில் உதவியது? 2020 மே 25 அன்று அமெரிக்காவின் மினியாபொலிஸில் ஜார்ஜ் ஃப்ளாய்ட் என்ற கருப்பினத்தவர் போலீஸ் பிடியில் இறந்தபோது, காவல்துறையின் முதல் அறிக்கை அவருக்கு ஏதோ உடல்நலக் கோளாறு என்ற தொனியில்தான் இருந்தது. அவர் கழுத்தை அழுத்திய போலீஸ்காரரின் முழங்கால் பற்றி ஒரு வரி கூட இல்லை. சில மணி நேரத்தில் 17 வயது டார்னெல்லா ஃப்ரேசியர் தன் போனில் எடுத்த வீடியோவை ஃபேஸ்புக்கில் போட்டார். "நாடி பாருங்கள்" என்று சுற்றி நின்றவர்கள் கத்துவது அதில் கேட்கிறது. அறிக்கை அதோடு பொய்த்தது. ஊர் ஊராக மக்கள் தெருவுக்கு வந்தார்கள். அதே வீடியோ நீதிமன்றத்திலும் ஓடியது. 2021 ஏப்ரலில் அந்தப் போலீஸ்காரர் டெரெக் ஷோவின் குற்றவாளி எனத் தீர்ப்பானது.

அப்புறம் 2020 ஜூன் 2. போராட்டத்துக்கு ஆதரவு காட்ட, இன்ஸ்டாகிராம் முழுக்கக் கருப்புச் சதுரங்கள். எண்ணம் நல்லதுதான். ஆனால் பலர் போராட்டத் தகவல்கள் பகிரப்பட்ட 'பிளாக் லைவ்ஸ் மேட்டர்' (கருப்பினத்தவர் உயிரும் முக்கியம்) ஹேஷ்டேக்கையும் சேர்த்துவிட, போராட்டம் எங்கே, கைதானவர்களுக்கு ஜாமீன் நிதி எப்படி என்று தேடியவர்களுக்குக் கருப்பு மட்டுமே தெரிந்தது. டேக்கை எடுத்துவிடுங்கள் என்று போராட்டக்காரர்களே கேட்க வேண்டியதாயிற்று.

எனக்கு இதில் சந்தேகமே இல்லை, உதவியது வீடியோதான். ஆனால் அதன் பாரம் பெரிது. காப்பாற்ற இன்னும் ஏதாவது செய்திருக்கலாமே என்று பல இரவுகள் ஃப்ளாய்டிடம் மன்னிப்புக் கேட்டதாக டார்னெல்லா சாட்சிக் கூண்டில் சொன்னார்.