ஆத்தங்குடிப் பூக்கல் பட்டறை: ஒரு வடிவமைப்பாளரின் மதிப்பீடு

செட்டிநாட்டுக்குச் சுற்றுலா செல்பவர்களில் பெரும்பாலோர் ஆத்தங்குடியை அரை மணி நேர நிறுத்தமாகவே வைத்துக்கொள்கிறார்கள். பெரிய வீடு எனப்படும் பழைய செட்டிநாட்டு மாளிகைக்குக் கட்டணம் செலுத்தி உள்ளே சென்று விதானத்தையும் தூண்களையும் அண்ணாந்து பார்க்கிறார்கள்; போகும் வழியில் ஏதேனும் ஒரு டைல்ஸ் பட்டறையில் ஒரு கல் வார்க்கப்படுவதைக் கைப்பேசியில் பதிவு செய்துகொண்டு, மதிய உணவுக்குக் காரைக்குடி திரும்பிவிடுகிறார்கள். வடிவமைப்பைத் தொழிலாகக் கொண்டவர்கள் இந்தக் கணக்கைத் தலைகீழாக்கிக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. வீட்டுக்கு அரை மணி நேரம் போதும்; பட்டறைக்குக் குறைந்தது ஒரு முழுக் காலைப்பொழுது வேண்டும். நூல் அட்டைகளும் அழைப்பிதழ்களும் வடிவமைக்கும் நான், எங்கள் அலுவலகத்தின் சிறிய முன்கூடத்துக்குத் தரைக்கல் வாங்கவும், அது உருவாகும் முறையை அருகில் இருந்து பார்க்கவும் அங்கே சென்றேன். ஊரில் இத்தகைய பட்டறைகள் பல இருப்பதாலும், நான் சொல்லப்போகும் நிறைகுறைகள் ஏறத்தாழ எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்பதாலும், குறிப்பிட்ட ஒன்றின் பெயரைச் சொல்லவில்லை.

முதலில் பொருளின் தன்மையைச் சொல்லிவிடுகிறேன். ஊரார் பூக்கல் என்று அழைக்கும் இந்தக் கல் சூளையில் சுடப்படுவதில்லை, இயந்திரத்தால் அழுத்தப்படுவதுமில்லை. 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் பரவிய வண்ண சிமென்ட் தரைக்கற்கள் இதன் உறவினர் என்றாலும், அவை உலோக அச்சில் வார்க்கப்பட்டு அழுத்தப்பொறியால் இறுக்கப்பட்டவை. ஆத்தங்குடியில் அந்தப் பொறியின் இடத்தில் இருப்பது ஒரு கண்ணாடித் துண்டு மட்டுமே. பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் வணிகம் செய்து பொருளீட்டிய நகரத்தார், தங்கள் வீடுகளுக்கு பர்மாத் தேக்கையும் இத்தாலியப் பளிங்கையும் ஜப்பானிய ஓடுகளையும் கப்பலில் தருவித்தார்கள். அந்த இறக்குமதிப் பொருள்களுக்கு நடுவில், உள்ளூர் மணலையும் சிமென்டையும் கொண்டு செய்த இந்தக் கல் தனக்கென ஓர் இடத்தைப் பிடித்து, இன்றுவரை உற்பத்தியில் இருக்கிறது. செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகளை உலக மரபுச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் யுனெஸ்கோ 2014இல் சேர்த்தபோது கவனம் பெற்றவை மாளிகைகளே. என்னைக் கேட்டால், அந்த மாளிகைகளின் மரவேலையைவிட இந்தப் பட்டறைகளிடம்தான் இன்றைய வடிவமைப்பாளருக்குச் சொல்ல அதிகம் இருக்கிறது.

வார்க்கும் முறை எளிதாகத் தோன்றும். துடைத்துச் சுத்தம் செய்த கண்ணாடியின் மேல் சதுர இரும்புச் சட்டத்தை வைத்து, அதனுள் உலோகத் தகடுகளை வளைத்துச் செய்த அச்சைப் பொருத்துகிறார்கள். வெள்ளை சிமென்டில் ஆக்சைடு நிறப்பொடியும் நுண்ணிய மணலும் கலந்த குழம்பைச் சிறு கரண்டியால் அச்சின் அறைகளுக்குள் நிறம் நிறமாக ஊற்றுகிறார்கள். எல்லா அறைகளும் நிரம்பியதும் அச்சைச் செங்குத்தாக மேலே தூக்கிவிட, பக்கத்துப் பக்கத்து நிறங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கின்றன. அதன்மேல் உலர்ந்த சிமென்ட் மணல் கலவையைத் தூவி ஈரத்தை உறிஞ்ச வைத்து, பிறகு ஈரச் சாந்தை இட்டுக் கரணையால் மட்டம் செய்கிறார்கள். கல் இறுகியபின் சில நாள்கள் தண்ணீர்த் தொட்டியில் ஊறவிட்டு, பிறகு உலர்த்துகிறார்கள். கண்ணாடியை விட்டுப் பிரியும்போது அதன் வழவழப்பையே கல் தன் முகத்தில் வாங்கிக்கொண்டிருக்கிறது. மெருகு என்று தனியாக எதுவும் பூசப்படுவதில்லை.

ஒரு காலைப்பொழுது முழுவதும் உட்கார்ந்து பார்த்தால்தான், இந்தக் கற்களின் பூக்களும் நட்சத்திரங்களும் ஏன் இப்படி இருக்கின்றன என்பது புரியத் தொடங்குகிறது. அச்சின் ஒவ்வோர் அறையிலும் குழம்பு ஓடி நிரம்ப வேண்டும். ஆகவே கூர்மையான முனைகளுக்கு இங்கே இடமில்லை. குறுகிய மூலைக்குள் குழம்பு சரியாகப் போய்ச் சேராது. இதழ்கள் எல்லாம் நுனி மழுங்கிப் பருத்திருப்பதற்கும், மயிரிழைக் கோடுகள் எங்குமே இல்லாதிருப்பதற்கும் காரணம் அதுதான். அறை கூடக்கூட நேரமும் கூடுவதால் ஒரு கல்லில் நான்கைந்து நிறங்களுக்கு மேல் அரிதாகவே வருகின்றன. அச்சைத் தூக்கும் கணத்தில் நிறங்களின் எல்லை மிகச் சிறிதளவு கசிகிறது. அச்சடித்த பீங்கான் போலிகளிலிருந்து அசல் பூக்கல்லைப் பிரித்தறிய அந்தக் கசிவைத் தேடினால் போதும். கல்லின் முகம் கீழே கண்ணாடியைப் பார்த்திருக்க, வார்ப்பவர் முதுகுப் பக்கத்திலிருந்து ஊற்றுவதால், அவர் காண்பது இடவலம் மாறிய உருவம். இருபுறமும் ஒத்த வடிவங்களுக்கு இதனால் கேடில்லை. ஆனால் எழுத்தையோ ஒரு பக்கம் சாய்ந்த கொடியையோ கேட்பவர்கள் அச்சையே திருப்பிச் செய்யச் சொல்ல வேண்டும். நான் கணினித் திரையில் வரைந்து எடுத்துச் சென்ற வடிவத்தைப் பார்த்த மூத்த கைவினைஞர், எதையும் விவாதிக்காமல், மூன்று இடங்களை விரலால் தொட்டு, இங்கெல்லாம் நிறம் நிற்காது என்றார். கோடுகளைத் தடிப்பாக்கி முனைகளை உருட்டிய பிறகு அந்த வடிவம் முன்பைவிட நன்றாகவே இருந்தது.

அச்சு இல்லாமலேயே வார்க்கும் முறையும் உண்டு. அதைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள், கேட்டால்தான் காட்டுவார்கள். ஆப்பச் சட்டியில் மாவைச் சுழற்றும் கையின் அதே தயக்கமின்மையோடு, கரண்டியிலிருந்து ஒழுகும் நிறத்தைக் கண்ணாடியின்மீது வளைத்து வளைத்து விட்டு ஒரு பூவை உருவாக்குகிறார்கள். ஒரு கல் மற்றொன்றைப் போல இராது. அலங்காரத்தில் ஒழுங்கை விரும்புகிறவர்களுக்கு இது பிடிக்காமல் போகலாம். எனக்கு அந்த ஊரில் மிகவும் பிடித்தது இதுதான்.

இனி வாடிக்கையாளராக என் மதிப்பீடு. நிறத் தேர்வில் கவனம் தேவை. ஈரக் குழம்பில் அடர்த்தியாகத் தெரியும் நிறம் உலர்ந்தபின் வெளிறும். ஆகவே கிண்ணத்தைப் பார்த்து முடிவு செய்யாமல், உலர்ந்த மாதிரிக் கல்லைக் கையில் வாங்கிப் பார்க்க வேண்டும். காவி, கருப்பு, சாம்பல், மஞ்சள், பச்சை ஆகியவை இந்தக் கல்லுக்குப் பாந்தமாக அமைகின்றன. சமூக ஊடகப் படங்களைக் காட்டி நகரத்து வாடிக்கையாளர்கள் கேட்கும் வெளிர் இளஞ்சிவப்பையும் வெளிர் நீலத்தையும் பட்டறைகள் செய்து தருகின்றன. அவற்றில் எனக்கு மனம் ஒட்டவில்லை. பெரும்பாலான கற்களில் ஒரு கல் என்பது வடிவத்தின் கால் பங்குதான் என்பதையும் மறக்கக் கூடாது. நான்கைச் சேர்த்தால் வட்டம் வரும். அதே நான்கைத் திருப்பி வைத்தால் வேறொரு கோலம் வரும். விற்பனை அறையில் சுவரில் சாய்த்து வைத்திருக்கும் ஒற்றைக் கல்லை நம்பாமல், ஒன்பது கற்களையாவது தரையில் பரப்பிக் காட்டச் சொல்வது நல்லது. நாங்கள் கேட்டபோது முகம் சுளிக்காமல் செய்தார்கள்.

விலை சதுர அடிக் கணக்கில் சொல்லப்படுகிறது. நிறங்களும் நுணுக்கமும் கூடும்போது அதுவும் கூடுகிறது. சொந்த வடிவத்துக்குப் புதிய அச்சு செய்ய வேண்டியிருந்தால் அதற்குத் தனிக் கட்டணம் உண்டு. அந்த உழைப்பைக் கண்ணால் பார்த்தவர்களுக்குப் பேரம் பேச வாய் வராது என்று நினைத்தேன். பக்கத்தில் ஒருவர் தாராளமாகப் பேசிக்கொண்டிருந்தார். பட்டறையின் உண்மையான குறை தகவல் தொடர்பில்தான் இருக்கிறது. மழைக்காலத்தில் கல் உலரத் தாமதமாகும் என்பது நியாயமான காரணம். ஆனால் தாமதத்தை அவர்களாகவே முன்கூட்டித் தெரிவிப்பதில்லை, நாம்தான் அழைத்துக் கேட்க வேண்டியிருந்தது. கல் தடிமனாகவும் கனமாகவும் இருப்பதால் லாரியில் வரும்போது ஓரங்கள் உதிர்கின்றன. எங்களுக்கு வந்தவற்றிலும் சில மூலை உடைந்திருந்தன. வைக்கோலைத் தாராளமாக வைத்துக் கட்டும்படி எழுதியே கொடுத்துவிடுவது உத்தமம்.

பதிக்கும் வேலையை டைல்ஸ் ஒட்டிப் பழகிய எல்லாக் கொத்தனார்களிடமும் ஒப்படைக்க முடியாது. கற்களின் தடிமனில் சிறு வேறுபாடு இருக்கும் என்பதால், சாந்துப் படுகையில் ஒவ்வொன்றாகத் தட்டி மட்டம் பார்த்து, இடைவெளியின்றி நெருக்கிப் பதிக்க வேண்டும். ஆத்தங்குடிப் பக்கத்திலிருந்தே ஆள் அழைத்துவரப் பட்டறையில் ஏற்பாடு செய்வார்கள். செலவானாலும் அதுவே சரி. பதித்தபின் உமியால் தேய்த்து, தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைப்பது வழக்கம். தொடக்கத்தில் தரை மங்கலாகத்தான் இருக்கும். மக்கள் நடக்க நடக்கத்தான் அது பளபளக்கிறது. பூட்டியே கிடக்கும் வீட்டில் அந்த மினுக்கத்தை எதிர்பார்க்க இயலாது. நிறம் மேற்பரப்பில் பூசப்பட்டதன்று, சில மில்லிமீட்டர் ஆழத்துக்கு இறங்கியிருப்பது; ஆகவே தேய்மானத்தால் வடிவம் அழிந்துவிடுமோ என்ற அச்சம் தேவையில்லை. அமிலம்தான் இதன் பகை. எலுமிச்சைச் சாறும் புளிக்கரைசலும் சிந்தினால் கறை படியும், கழிப்பறை கழுவும் திரவம் பட்டால் முகமே அரித்துப்போகும். சமையலறைக்கும் குளியலறைக்கும் வேறு கல்லைத் தேடுவதே அறிவுடைமை. கூடத்துக்கும் தாழ்வாரத்துக்கும் இதைவிடக் குளிர்ச்சியான தரை எனக்குத் தெரிந்து இல்லை.

பயணத் திட்டத்தைப் பற்றிச் சிறிது. சென்னையிலிருந்து பல்லவன் விரைவு ரயில் காரைக்குடி வரை செல்கிறது. அங்கிருந்து ஆத்தங்குடிக்குக் காரில் செல்வது வசதி. கோடையைத் தவிர்த்துவிடுங்கள். பட்டறைக்குள் நுழைந்தவுடன் கேமராவை எடுக்காமல், அனுமதி கேட்டபின், வேலை செய்பவர்களின் வெளிச்சத்தை மறைக்காத ஓர் இடத்தில் அமர்வது மரியாதை. காரைக்குடியின் முனீஸ்வரன் கோயில் தெருவில் உள்ள பழம்பொருள் கடைகளையும் பார்க்கலாம். எனாமல் பாத்திரங்களும் கதவு நிலைகளும் அங்கே குவிந்திருக்கின்றன. ஆனால் ஒவ்வொரு தூணும் எங்கோ இடிக்கப்பட்ட ஒரு வீட்டிலிருந்து வந்தது என்ற நினைப்பு, எனக்கு அங்கே நெடுநேரம் நிற்க விடவில்லை. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற கண்டாங்கிச் சேலையை நெய்யும் தறிகளுக்கு ஒரு மாலையை ஒதுக்கினால், அகலக் கரையும் கட்டங்களும் கொண்ட அந்தச் சேலைகளில் பூக்கல்லின் நிறங்களையே வேறொரு கணக்கில் பார்க்கலாம்.

வாங்குவதாக முடிவு செய்தால், தேவையான அளவுக்குமேல் பத்தில் ஒரு பங்கு கூடுதலாக அதே தவணையிலேயே சொல்லிவிடுங்கள். நிறம் கையால் கலக்கப்படுவதால், ஓராண்டு கழித்துக் கேட்கும்போது அதே அச்சு கிடைத்தாலும் அதே காவி கிடைப்பது உறுதியில்லை.