ஓசோன் கருவியா, ஆப்பசோடாவா? காய்கறி கழுவும் நீண்டநாள் அனுபவம்

ஓசோன் கருவி என்பது ஓசோன் வாயுவைக் காய்கறி ஊறும் தண்ணீரில் குமிழியாக விடுவது. அதைப் போட்டதும் தண்ணீரின் மேல் பழுப்பு நுரை திரளும். 'பாருங்க, பூச்சிமருந்து வெளியே வருது' என்று விற்பவர் காட்டுவது அதைத்தான். மீன்தொட்டி காற்று பம்பை அதே கீரைத் தண்ணீரில் விட்டுப் பாருங்கள், அதிலும் நுரை கட்டும். மண்ணும் இலைச் சாறும் குமிழியில் ஒட்டி மேலே வருகின்றன, அவ்வளவுதான்.

கருவி வீண் என்று சொல்லவில்லை. கிருமிகளைக் குறைக்க ஓசோன் உதவும், ஆனால் தண்ணீர் குளிர்ந்திருக்க வேண்டும். மொட்டைமாடித் தொட்டியில் வெயிலில் சுட்ட தண்ணீரில் அது சரியாகக் கரையாது. மூக்கில் ஏறும் வாடை வந்தால் வாயு தண்ணீரில் நிற்காமல் அறைக்குள் வருகிறது என்று பொருள்; ஜன்னலைத் திறந்து வையுங்கள். கீரையை மண் போக அலசிவிட்டுத்தான் போட வேண்டும், இல்லாவிட்டால் ஓசோன் மண்ணிலேயே செலவாகிவிடும்.

கெட்டுப்போவது பெரும்பாலும் சின்ன பாகங்கள்தான். போர் தண்ணீரின் உப்பு படிந்து, குழாய் முனையில் குமிழி விடும் காற்றுக்கல் அடைத்துக்கொள்ளும். வினிகரில் ஊறவைத்தால் திறக்கும். ரப்பர் குழாயை ஓசோன் அரித்து வெடிக்க வைக்கும், சிலிகான் குழாயாக மாற்றிவிடுங்கள். கருவியைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வைக்க வேண்டும். கீழே இருந்தால் நிறுத்தியதும் தண்ணீர் குழாய் வழியே உள்ளே இறங்கும்.

பூச்சிமருந்துக்கு எங்கள் ஓட்டு ஆப்பசோடாவுக்குத்தான். லிட்டருக்கு 10 கிராம், அதாவது சுமார் இரண்டு டீஸ்பூன். 12 முதல் 15 நிமிடம் ஊறவைத்து, ஓடும் தண்ணீரில் கையால் தேய்த்துக் கழுவ வேண்டும். 2017இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதே அளவில் ஆப்பிளைச் சோதித்தார்கள். தோல்மேல் இருந்த தையாபெண்டசோல் என்ற பூஞ்சைமருந்தில் 80 சதவீதம் 12 நிமிடத்திலும், பாஸ்மெட் என்ற பூச்சிமருந்தில் 96 சதவீதம் 15 நிமிடத்திலும் நீங்கின. மிச்சம் தோலுக்குள் இறங்கிவிட்டது; அதை எந்தக் கழுவலும் எடுக்காது. இமிடாகுளோபிரிட் போல செடிக்குள்ளேயே ஓடும் மருந்துகளுக்கும் இதே கதிதான். சோடாவோடு வினிகரையும் ஊற்றினால் பொங்கும், பார்க்க நன்றாயிருக்கும். ஒன்றை ஒன்று முறித்துக்கொள்வதால் இரண்டும் வீண். சோப்பு வேண்டவே வேண்டாம்.

சோடா கிருமிக்கு ஆகாது. பச்சையாகச் சாப்பிடும் வெள்ளரி, கேரட், மல்லிக்குக் குளோரின் நீர் போதும். 5 சதவீத, வாசனை சேர்க்காத சோடியம் ஹைப்போகுளோரைட் (குளோரின் ப்ளீச் திரவம்) 1 மி.லி.யை 1 லிட்டர் தண்ணீரில் கலந்தால் 50 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 50 பங்கு குளோரின் வரும். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் சொன்ன அளவும் அதுதான். 5 நிமிடம் ஊறவைத்து நல்ல தண்ணீரில் அலசுங்கள். இதில் வினிகர் மட்டும் சேரக்கூடாது, நச்சு வாயு கிளம்பும்.

முட்டைகோஸில் வெளி இலை இரண்டு மூன்றை உரித்து எறியுங்கள். கத்தரிக்காயில் காம்புத் தொப்பிக்கு அடியில் தெளித்த மருந்து தங்கும், அதை நீக்கிவிட்டுத் தேய்க்க வேண்டும். வெயிலில் சூடேறிய தக்காளியைக் குளிர்ந்த தண்ணீரில் போடாதீர்கள். உள்ளே காற்று சுருங்கி, காம்பு வடு வழியே அழுக்குத் தண்ணீரை இழுக்கும். எதையும் வெட்டுவதற்கு முன்பே கழுவ வேண்டும்.

ஈரத்தோடு ஃபிரிட்ஜில் வைத்தால் எல்லாம் அழுகும். பருத்தித் துணியில் பரப்பி, மின்விசிறியில் ஈரம் போக உலர்த்தி எடுத்து வையுங்கள். வெண்டையும் மல்லியும் அதற்கும் தாங்காது. அன்றன்றைக்குச் சமைக்கும்போதுதான் கழுவ வேண்டும்.