டென்மார்க், கனடா, அமீரகம்: பட்டியல் யாரை எண்ணுகிறது?

வெளிநாட்டுப் பேச்சு எழும் வீடுகளில் இப்போது தரவரிசைப் பட்டியலும் சேர்ந்தே வருகிறது. "டென்மார்க்தான் உலகத்திலேயே ரெண்டாவது சந்தோஷமான நாடாம்" என்பார் ஒருவர். "அமீரகம் அமெரிக்காவையே முந்திடுச்சு, தெரியுமா?" என்பார் இன்னொருவர். இரண்டும் உண்மைதான். 2025 உலக மகிழ்ச்சி அறிக்கையில் டென்மார்க் இரண்டாமிடம். அதே ஆண்டு, ஆயுள், படிப்பு, வருமானம் மூன்றையும் வைத்து ஐ.நா. வளர்ச்சித் திட்டம் வெளியிட்ட மனித வளர்ச்சிக் குறியீட்டில் டென்மார்க் 4, அமீரகம் 15, கனடா 16, அமெரிக்கா 17.

இந்தப் பட்டியல்களைக் காட்டிச் சிலர் ஒரு முடிவுக்கும் வந்துவிடுகிறார்கள். வடக்கு ஐரோப்பா மேலே இருப்பதற்குக் காரணம் அங்கே ஒரே இனம், ஒரே மொழி. அந்நியர் வந்து குடியேறினால் சமத்துவம் குலையும், வாழ்க்கைத் தரம் இறங்கும் என்கிறார்கள். இதைச் சரிபார்க்க அதே பட்டியல் போதும். மனித வளர்ச்சிக் குறியீட்டில் இரண்டாமிடத்தில் உள்ள சுவிட்சர்லாந்தில் பத்தில் மூன்று பேர் வெளிநாட்டில் பிறந்தவர்கள். ஏழாமிடத்து ஆஸ்திரேலியாவிலும் அப்படியே. ஸ்வீடனில் ஐந்தில் ஒருவர். மாறாக, மக்களில் வெளிநாட்டினர் வெறும் 3 விழுக்காடு மட்டுமே உள்ள ஜப்பான் 23ஆம் இடத்தில் இருக்கிறது. மகிழ்ச்சிப் பட்டியலில் 55. வசதியான நாட்டைத் தேடித்தான் மக்கள் போகிறார்கள் என்பதால், குடியேற்றம்தான் தரத்தை உயர்த்தியது என்றும் இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. ஆனால் குடியேற்றம் தரத்தைக் கெடுக்கும் என்ற வாதத்துக்கு இந்த எண்களில் இடமே இல்லை.

ஆகவே எத்தனை பேர் வந்தார்கள் என்பதை விட்டுவிட்டு, வந்தவர்களை என்ன செய்தார்கள் என்று பார்க்க வேண்டும். தலைப்பில் சொன்ன மூன்று நாடுகளை நான் எடுத்துக்கொள்வது அதற்காகத்தான்.

டென்மார்க்கிலிருந்து தொடங்குகிறேன். உள்ளே இருப்பவர்களுக்கு அது அருமையான நாடு. கல்லூரிக்குக் கட்டணம் இல்லை, மருத்துவம் வரிப்பணத்தில் நடக்கிறது, வருமான இடைவெளி உலகிலேயே குறைவான நாடுகளில் அதுவும் ஒன்று. ஏற்றத்தாழ்வைக் கழித்துக் கணக்கிடும் மனித வளர்ச்சிக் குறியீடு ஒன்று 2010 முதல் வெளிவருகிறது. அந்தக் கழிவில் இந்தியா தன் மதிப்பில் ஏறத்தாழ 30 விழுக்காட்டை இழக்கிறது. டென்மார்க் இழப்பது மிகச் சொற்பம்.

ஆனால் அந்தச் சமத்துவத்துக்குள் நுழையும் வாசல் ஆண்டுக்கு ஆண்டு ஒடுங்கிவருகிறது. குடியுரிமைக்குப் பொதுவாக ஒன்பது ஆண்டு வசிக்க வேண்டும். மொழித் தேர்வு, குடியுரிமைத் தேர்வு, அரசு உதவி வாங்காமல் வாழ்ந்ததற்கான சான்று எல்லாம் வேண்டும். 2016-இல் வந்த ஒரு சட்டம், அகதியாக வருபவரிடம் 10,000 குரோனருக்கு மேல் மதிப்புள்ள பொருள் இருந்தால் அதைப் பறிமுதல் செய்யலாம் என்றது. 2018-இல் வந்த சட்டத் தொகுப்பு இன்னும் ஆழமாகப் போனது. ஒரு குடியிருப்பில் பாதிக்கு மேற்பட்டோர் 'மேற்கு அல்லாத' பின்னணி கொண்டவர்களாக இருந்து, வருமானம், படிப்பு, வேலை, குற்றப் பதிவு ஆகியவற்றில் சில அளவுகளில் அந்த இடம் பின்தங்கியிருந்தால், அதற்குத் தனி விதிகள். ஒரு வயதுக் குழந்தையை வாரம் 25 மணி நேரம் காப்பகத்துக்கு அனுப்பியாக வேண்டும். வாடகைக்கு இருக்கும் குடும்பங்கள் வெளியேற நேரலாம். அந்த நாட்டிலேயே பிறந்து, அந்த மொழியிலேயே கனவு காண்கிற பிள்ளையும் இந்தக் கணக்கில் 'மேற்கு அல்லாத' பட்டியலில்தான் வருவாள். கோபன்ஹேகன் 2025-இல் உலகின் மிக வாழத்தக்க நகரமாக முதலிடம் பெற்றதே, அதே நகரத்தில்தான் இப்படி வகைப்படுத்தப்பட்ட மியோல்னர்பார்க்கன் குடியிருப்பும் இருக்கிறது.

டென்மார்க் எப்போதும் இப்படித்தான் என்று சொன்னால் அது அநியாயம். தமிழர்கள் மறக்கக் கூடாத ஒரு கதை அங்கே உண்டு. 1980களில் இலங்கைப் போரிலிருந்து தப்பி அங்கே தஞ்சம் பெற்ற தமிழர்களுக்கு, மனைவி மக்களை அழைத்துக்கொள்ளும் உரிமை சட்டப்படி இருந்தது. 1987-இல் நீதி அமைச்சர் எரிக் நின்-ஹான்சன் அந்த விண்ணப்பங்களைக் கிடப்பில் போடச் சொன்னார். விஷயம் வெளியே வந்தது, விசாரணை ஆணையம் அமைந்தது; அதன் அறிக்கை வந்ததும் 1993 ஜனவரியில் பிரதமர் போல் ஸ்லூட்டரின் அரசே பதவி விலகியது. அமைச்சருக்கு 1995-இல் தனி நீதிமன்றம் நான்கு மாத நிறுத்திவைக்கப்பட்ட சிறைத் தண்டனை விதித்தது. அங்கே இதை இன்றும் 'தமிழர் வழக்கு' என்றே சொல்கிறார்கள். குடிமக்கள்கூட அல்லாத சில அகதிகளின் குடும்பங்களைக் காத்திருக்க வைத்ததற்காக ஓர் அரசு கவிழ்ந்தது! சமத்துவம் என்ற சொல்லுக்கு இதைவிடப் பெரிய சான்று எந்தக் குறியீட்டிலும் கிடைக்காது என்று நினைக்கிறேன். அதே நாடு இன்று குடும்பத்தை அழைக்கும் விதிகளை இறுக்கிக்கொண்டே போவது மனதை வருத்துகிறது.

அமீரகம் இதற்கு நேர் எதிர்த் துருவம். அங்கே வசிப்பவர்களில் பத்தில் ஏறத்தாழ ஒன்பது பேர் வெளிநாட்டினர். டென்மார்க் கனவிலும் திறக்காத அளவுக்கு அது வாசலைத் திறந்துவைத்திருக்கிறது. படிப்பு அதிகம் இல்லாத ஒரு வெல்டரை, கொத்தனாரை, டிரைவரை ஆயிரக்கணக்கில் கூப்பிட்டு வேலை கொடுக்கும் நாடு அது. பொருளியலாளர்கள் சிலர் இதை வைத்து ஒரு கடினமான வாதத்தை முன்வைக்கிறார்கள்: உரிமை கொடுக்காததால்தான் இத்தனை பேரை வரவிட முடிகிறது, உலகளவில் ஏழைக்கும் பணக்காரருக்கும் இடையிலான இடைவெளியைக் குறைப்பதில் வளைகுடா நாடுகள் மேற்கு நாடுகளைவிட அதிகம் செய்கின்றன. இதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. இராமநாதபுரத்திலும் புதுக்கோட்டையிலும் கல்வீடாக மாறிய ஓட்டுவீடுகள் இந்த வாதத்தின் பக்கம் நிற்கின்றன.

ஆனால் அந்த 15ஆம் இடம் எப்படி வந்தது என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். மனித வளர்ச்சிக் குறியீட்டுக்கு மூன்று கால்கள்: ஆயுள், படிப்பு, தலைக்கு வருமானம். ஆயுளை எடுத்துக்கொள்வோம். 25 வயதில் மருத்துவப் பரிசோதனையில் தேறியவனுக்குத்தான் விசா. முதுகு போய், சர்க்கரை ஏறி, சிறுநீரகம் கெட்ட பிறகு விசா கேன்சல் ஆகி ஊருக்கு வந்துவிடுகிறான். அவன் மருத்துவமனைச் செலவும் மரணமும் நம் மாவட்டக் கணக்கில் பதிவாகின்றன. அவன் உழைத்த திடமான ஆண்டுகள் மட்டும் அங்கே பதிவாகின்றன. படிப்பும் அப்படியே. அவன் படித்த பன்னிரண்டு வகுப்புக்கும் ஐ.டி.ஐ.க்கும் செலவழித்தது தமிழ்நாட்டு அரசும் அவன் அப்பாவும். வருமானமோ சராசரி, எண்ணெய்க் கிணறும் லேபர் கேம்ப்பும் ஒரே எண்ணுக்குள் கரைந்துவிடுகின்றன. ஏற்றத்தாழ்வுக்கான கழிவும் ஆளுக்கு ஆள் உள்ள வித்தியாசத்தை அளக்கிறதே தவிர, குடிமகனுக்கும் கூலியாளுக்கும் இடையே சட்டம் போட்ட கோட்டை அளப்பதில்லை. அவன் விசா நெடுங்காலம் முதலாளியின் கையில் இருந்தது. அண்மை ஆண்டுகளில் சில விதிகள் தளர்ந்திருக்கின்றன. பணமும் பெரிய படிப்பும் உள்ளவருக்குப் பத்தாண்டு கோல்டன் விசாவும் உண்டு. கொத்தனாருக்கு இல்லை.

நகரங்களுக்கான 'வாழத்தக்கமை'ப் பட்டியல் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். எகனாமிஸ்ட் குழுமத்தின் ஆய்வுப் பிரிவு 173 நகரங்களுக்குப் போடும் அந்த மதிப்பெண், வெளிநாட்டுக்கு அனுப்பும் அதிகாரிகளுக்கு எவ்வளவு கஷ்டப்படி (சிரமமான ஊரில் வாழ்வதற்கான கூடுதல் தொகை) தரலாம் என்று நிறுவனங்கள் முடிவு செய்ய உதவும் கருவியாகத்தான் வளர்ந்தது. அதில் வீட்டு வாடகை கணக்கிலேயே இல்லை. கம்பெனி வாடகை கொடுக்கும் ஆளுக்கு அது பொருந்தும். அறை பகிர்ந்து வாழப் போகிறவர் அதைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம்.

கனடா. 1990களில் மனித வளர்ச்சிக் குறியீட்டின் முதலிடத்தைப் பல ஆண்டுகள் வைத்திருந்த நாடு 2025 பட்டியலில் 16-க்கு வந்திருந்தது. மகிழ்ச்சிப் பட்டியலில் 2015-இல் 5, பத்தாண்டு கழித்து 18. 2021 கணக்கெடுப்பில் மக்களில் 23 விழுக்காட்டினர் குடியேறியவர்கள் என்பதால், பழி அவர்கள் மேல் விழுகிறது. 2024 அக்டோபரில் அரசு அடுத்த ஆண்டுக்கான நிரந்தரக் குடியேற்ற இலக்கை 5,00,000-இலிருந்து 3,95,000-ஆகக் குறைத்தது. ஆனால் 2024 மகிழ்ச்சி அறிக்கை வேறொன்றைக் காட்டியது: கனடாவில் 60 வயதைத் தாண்டியோர் உலக வரிசையில் 8ஆம் இடம், 30 வயதுக்குக் கீழ் உள்ளோர் 58ஆம் இடம். ஒரே நாட்டுக்குள் ஐம்பது படி வித்தியாசம். சொந்த வீட்டில் உட்கார்ந்திருப்பவருக்கும் வாடகைக்கு அல்லாடுபவருக்கும் இடையே கிழிந்திருக்கிறது அந்த நாடு என்றே நான் வாசிக்கிறேன். டாக்டர் பட்டத்தோடு போய் டாக்ஸி ஓட்டுகிறவர்களின் வேதனையும், மாணவர் விசாவில் போய் அடித்தளத்து அறைகளில் நெருக்கியடித்து வாழும் பிள்ளைகளின் பாடும் கனடாவின் உண்மையான குறைகள். அதை மறைத்து யாருக்கும் டிக்கெட் போடச் சொல்ல மாட்டேன்.

இருந்தும் மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் கனடாவைச் சொல்வேன். 1986 ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்து கடற்கரைக்கு அப்பால் உயிர்காப்புப் படகுகளில் மிதந்துகொண்டிருந்த 155 தமிழர்களை மீனவர்கள் கரை சேர்த்தார்கள். அரசு அவர்களைத் தங்க விட்டது. 2010-இல் சன் சீ கப்பலில் வந்த 492 பேரைச் சிறைவைத்ததும் அதே நாடுதான். ஆனாலும் 1983-இல் சிறுவனாக அங்கே போன கரி ஆனந்தசங்கரி 2025-இல் பொதுப் பாதுகாப்பு அமைச்சரானார். நிரந்தர வசிப்புரிமை பெற்றவர் மூன்றாண்டு அங்கே இருந்தால் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம் என்ற விதி இல்லாமல் இது நடந்திருக்காது.

2018 மகிழ்ச்சி அறிக்கை 117 நாடுகளில் குடியேறியவர்களின் மகிழ்ச்சியைத் தனியே வரிசைப்படுத்தியது. அந்த வரிசை உள்ளூர் மக்களின் வரிசையோடு பெரும்பாலும் ஒத்துப்போனது; இரண்டிலும் பின்லாந்து முதலிடம். போகிற இடத்தின் வாழ்க்கை போனவர் மேலும் படிகிறது என்பது இதன் பொருள். ஆனால் கேட்கப்பட்டவருக்குத்தான் அந்த வரிசையில் இடம். கணக்கெடுப்பு பேசும் மொழி தெரியாதவரும், எட்ட முடியாத கேம்ப்பில் படுத்திருப்பவரும் அதில் வருவதில்லை.

அதனால் எங்கே போகலாம் என்று என்னிடம் கேட்கிற பிள்ளைகளிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: அங்கே உனக்கு ஒரு குழந்தை பிறந்தால், அது எந்த நாட்டுப் பிள்ளை? கனடாவில் பிறந்த அன்றே கனடாக்காரி. டென்மார்க்கில், நீ ஒன்பது ஆண்டு காத்திருந்து தேர்வெழுதி முடிக்கும்வரை அவளும் காத்திருக்க வேண்டியிருக்கும். அமீரகத்தில் அவளுக்கும் ஒரு விசா எடுக்க வேண்டும், உன் சம்பளச் சீட்டைக் காட்டி.