கோவில் யன்னலுக்கு ஸ்டிக்கரா, ஈயம் பிணைத்த கண்ணாடியா?

கத்தோலிக்கக் கோவில் யன்னலில் அச்சிட்ட படத்தை ஒட்டுவதா, நிறக் கண்ணாடித் துண்டுகளை ஈயப்பட்டிகளால் பிணைத்துப் பூட்டுவதா என்ற கேள்விக்கு எங்கள் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பீடத்துக்குப் பின்னாலும் மேற்குச் சுவரிலும் அச்சிட்ட ஸ்டிக்கர் வேண்டாம். விலை குறைவு, ஒரே நாளில் ஒட்டி முடிக்கலாம் என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் கோவில் யன்னல் சுமக்கவேண்டிய அர்த்தத்தை அது சுமக்காது.

மத்தியகால ஐரோப்பாவில், கண்ணாடியை உடைக்காமல் உள்ளே வரும் ஒளிக்கதிரை, மாதாவின் கன்னிமைக்குக் கேடின்றி இயேசு பிறந்ததற்கு உவமையாகச் சொன்னார்கள். ஆகவே உள்ளே வரும் ஒளி நிறம் மாறி நிலத்திலும் ஆட்களிலும் விழவேண்டும். ஸ்டிக்கரின் பால்வெள்ளைத் தாள் ஒளியைச் சிதறடிப்பதால் படம் தெரியும், நிலத்தில் நிறம் விழாது.

அடுத்தது வெயில். அச்சு மையில் மஞ்சளும் சிவப்பும் நீலத்துக்கு முன்பே வெளிறும். செபஸ்தியாரின் வேதசாட்சிச் சிவப்பு ரோஜா நிறமாகும், நம்பிக்கையின் பச்சை நீலத்துக்குச் சாயும், மாதாவுக்குரிய நீலம் மட்டும் எல்லா இடத்திலும் மிஞ்சும். உண்மையான வண்ணக் கண்ணாடியில் நிறம் உலோகத்திலிருந்து வருகிறது: நீலத்துக்குக் கோபால்ட், சிவப்புக்குச் செம்பு அல்லது தங்கம். அவை வெயிலுக்கு வெளிறுவதில்லை. இன்னொரு ஆபத்தும் உண்டு. கடும் நிறத் தாள் வெப்பத்தை உறிஞ்ச, சட்டத்துக்குள் மறைந்த விளிம்பு குளிர்ந்தே இருக்கும். அந்த வித்தியாசத்தால் கண்ணாடி விளிம்பிலிருந்து வெடிக்கும்.

வடக்குப் பக்கம் நிழல்தானே என்று ஐரோப்பியப் புத்தகங்களைப் பார்த்து நம்பவேண்டாம். யாழ்ப்பாணம் ஏறத்தாழ 9.7 பாகை வட அகலாங்கில் இருக்கிறது. ஏப்ரல் நடுப்பகுதி தொடக்கம் ஓகஸ்ட் கடைசி வரை நண்பகல் சூரியன் எங்களுக்கு வடக்கே நிற்கும்.

ஈயம் பிணைத்த வேலைக்குக் கொடுப்பதென்றால் பட்டறையில் சிலவற்றைப் பார்த்தே ஆகவேண்டும். முகமும் ஆடை மடிப்பும் வரைந்த வர்ணம் சூளையில் ஏறத்தாழ 650 பாகை செல்சியசில் சுட்டதா? பஞ்சில் அசற்றோன் நனைத்து ஒரு மூலையில் தேயுங்கள். நிறம் பஞ்சில் வந்தால் அது சுடாத வர்ணம், நாளடைவில் உரிந்துவிடும். ஈயப்பட்டிகள் சந்திக்கும் ஒவ்வொரு இடத்திலும் இரண்டு பக்கமும் உருக்கி ஒட்டிய பற்றாசு இருக்கவேண்டும். சோக்குத் தூளும் ஆளிவிதை எண்ணெயும் குழைத்த பசை பட்டிக்குள் இறங்கியிருக்கிறதா என்பதை விரலால் கண்டுபிடிக்கலாம்: நடுத் துண்டை மெல்லத் தட்டினால் கடகடவென்ற சத்தம் வரக்கூடாது. பசை இறங்காத யன்னலில் வாடைக்காற்று மழை நேராக உள்ளே வரும்.

பிணைத்து முடித்த கண்ணாடிப் பலகை ஒவ்வொன்றும் ஒரு சதுர மீற்றருக்குள் அடங்கட்டும். பலகையைத் தாங்கும் குறுக்குக் கம்பி 30 முதல் 45 சென்ரிமீற்றருக்கு ஒன்று வேண்டும், இல்லாவிட்டால் ஈயம் வெயிலில் விரிந்து விரிந்து வயிறு தள்ளும். பாசையூர், குருநகர் போன்ற கரையோரத்தில் அந்தக் கம்பி இரும்பாக இருக்கவே கூடாது. உப்புக்காற்றில் துரு ஏறி, பருத்து, சாந்தையும் கண்ணாடியையும் பிளந்துவிடும். 316 ரகத் துருவேறா எஃகு கேளுங்கள்.

கண்ணாடியை வெட்டுவதற்கு முன் முழு அளவுப் படத்தைக் கடதாசியில் வாங்கிப் பங்குத்தந்தையோடு இருந்து பாருங்கள். ஒவ்வொரு புனிதருக்கும் உரிய அடையாளம் இருக்கவேண்டும்: இராயப்பருக்கு (பேதுரு) திறப்பு, சின்னப்பருக்கு (பவுல்) வாள், யாகப்பருக்கு (யாக்கோபு) சிப்பி, அந்தோனியாருக்கு லீலி மலரும் குழந்தை இயேசுவும். பழங்கதைப்படி தன் நெஞ்சைக் குத்திக் குஞ்சுகளுக்கு இரத்தம் கொடுக்கும் பெலிக்கன் நற்கருணையின் அடையாளம். அதைக் கொக்கு என்று நினைத்து வெறும் பறவையாக வரைந்துவிடுவார்கள். குஞ்சுகளும் நெஞ்சுக் காயமும் இல்லாவிட்டால் அந்தப் படத்துக்குப் பொருளே இல்லை.

பூட்டும்போது நடக்கும் பெரிய பிழை, பலகையை உள்வெளி மாற்றி வைப்பது. வர்ணம் சுட்ட பக்கம் உள்ளே இருக்கவேண்டும். மாறினால் ஆசீர்வதிக்கும் வலது கை இடதாகும், கிரேக்கத்தின் கடைசி எழுத்தான ஒமேகா முதலெழுத்தான அல்பாவுக்கு முன்னே வரும், மழை வர்ணத்தில் அடிக்கும். படத்தில் எழுத்தே இல்லாவிட்டால் இந்தப் பிழை பலர் கண்ணிலும் படாது. ஆகவே ஒவ்வொரு பலகையிலும் ‘உள்’ என்று பென்சிலால் குறிக்கச் சொல்லுங்கள்.

பணம் போதாத சிற்றாலயத்துக்கு எங்கள் சிபாரிசு புனிதர் ஸ்டிக்கர் அல்ல. வர்ணம் தீட்டாத நிறக் கண்ணாடித் துண்டுகளால் ஒரு சிலுவையும், திரித்துவத்துக்கு மூன்று நெடும் பலகையும் போதும். சூளை வேலை இல்லாததால் செலவு நன்றாகக் குறையும். உடைந்த துண்டை மாற்றுவதும் சுலபம். அதற்காக ஒவ்வொரு நிறத்திலும் ஒரு மிச்சத் தகடு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.