அலோமோமோலா: ஒற்றையர் போட்டிக்கு ஏற்ற நீர்வகைத் துணையா?

போக்கிமான் ஸ்கார்லெட், வயலட் ஆட்டங்களில் ஆறுக்கு ஆறு ஒற்றையர் போட்டிக்கு அணி அமைக்கும் எவருக்கும் ஒரு கட்டத்தில் இந்தக் கேள்வி வந்தே தீரும்: தாக்குவதற்கு நான்கைந்து பேரைச் சேர்த்தாகிவிட்டது; அவர்களுக்கு விழ வேண்டிய அடியைத் தான் வாங்கிக்கொண்டு, காயப்பட்டவர்களைத் தேற்றி, மறுபடியும் களத்தில் இறக்கிவிட யார் இருக்கிறார்கள்? நீர் வகையில் இந்த வேலைக்கு வேப்போரியன், ஸ்லோகிங், டாக்ஸபெக்ஸ், டொண்டோஸோ எனப் பல பெயர்கள் சொல்லப்படுகின்றன. நான் முதலில் பரிந்துரைப்பது அலோமோமோலாவைத்தான். ஆனால், பருத்த உடம்பு, நிறைய அடி தாங்கும் என்ற எண்ணத்தில் மட்டும் அதை எடுப்பவர்கள் பாதிப் பயனையே பெறுவார்கள். அலோமோமோலாவின் மதிப்பு, அது களத்தை விட்டு வெளியேறும் விதத்தில் இருக்கிறது.

2010இல் ஜப்பானில் வெளியான பிளாக், ஒயிட் ஆட்டங்களில் அறிமுகமான இந்த இளஞ்சிவப்பு மீன், தேசியப் பட்டியலில் 594ஆவது போக்கிமான். பார்வைக்கு லவ்டிஸ்க்கின் வளர்ந்த வடிவம் போலத் தோன்றினாலும் இரண்டுக்கும் பரிணாமத் தொடர்பு எதுவும் இல்லை. இதன் அடிப்படை ஹெச்.பி. (உயிர்ப் புள்ளி) 165, இந்த ஆட்டத்தில் அது மிகப் பெரிய எண். தாக்குதல் 75, தற்காப்பு 80, சிறப்புத் தாக்குதல் 40, சிறப்புத் தற்காப்பு 45, வேகம் 65. மொத்தம் 470 புள்ளிகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஹெச்.பி.யிலேயே குவிந்துகிடப்பதால், எண்களை மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு இது ஒருதலையாக அமைந்துவிட்ட போக்கிமானாகவே தெரியும். ஸ்வோர்ட், ஷீல்ட் ஆட்டங்களில் இதற்கு இடமே கிடைக்கவில்லை. 2022 நவம்பரில் வந்த ஸ்கார்லெட், வயலட்டில் திரும்பியது; 2023 செப்டம்பரில் வெளியான டீல் மாஸ்க் கூடுதல் பகுதியின் டி.எம். (நகர்வுகளைக் கற்பிக்கும் கருவி) பட்டியலில் ஸ்கால்டும் ஃபிளிப் டர்னும் இடம்பெற்ற பிறகு, இதன் நிலையே வேறாகிவிட்டது.

மூன்று விஷயங்கள் ஒன்றுசேர்வதால்தான் இது சிறக்கிறது. முதலாவது, மறைந்திருக்கும் திறனான ரீஜெனரேட்டர்: களத்திலிருந்து திரும்பும் ஒவ்வொரு முறையும் மொத்த ஹெச்.பி.யில் மூன்றில் ஒரு பங்கு தானாகவே ஏறிவிடும். இரண்டாவது விஷ்: பயன்படுத்திய சுற்றுக்கு அடுத்த சுற்றின் முடிவில், அந்த இடத்தில் யார் நிற்கிறாரோ அவருக்கு, விஷ் செய்தவரின் மொத்த ஹெச்.பி.யில் பாதி கிடைக்கும். பெறுபவரின் ஹெச்.பி. இங்கே கணக்கில் வருவதில்லை, கொடுப்பவரின் ஹெச்.பி.தான் கணக்கு. 165 என்ற அந்த ஒருதலையான எண் இந்த இடத்தில்தான் வரமாக மாறுகிறது. மூன்றாவது ஃபிளிப் டர்ன்: எதிரியைத் தாக்கிவிட்டு, அதே சுற்றில் வேறொரு கூட்டாளியை இறக்கிவிடும் நீர் வகைத் தாக்குதல். நாம் எதிரியைவிட மெதுவாக இருந்தால், எதிரி தன் அடியை அலோமோமோலாவின் மீது இறக்கிய பிறகே ஃபிளிப் டர்ன் நடக்கும். உள்ளே வருபவருக்கு அந்தச் சுற்றில் ஒரு கீறல்கூட விழாது.

ஒரு நிலையை எடுத்துக்கொண்டு பார்ப்போம். எதிரே கிங்காம்பிட் நிற்கிறது. நம் கிரேட் டஸ்க் ஏற்கெனவே அடிபட்டு வெளியே காத்திருக்கிறது. தற்காப்பை உயர்த்தி வேகத்தைக் குறைக்கும் ரிலாக்ஸ்டு நேச்சரில் (குணத்தில்), தற்காப்பிலும் சிறப்புத் தற்காப்பிலும் முழு ஈ.வி. (பயிற்சிப் புள்ளி) போட்ட அலோமோமோலாவுக்கு 100ஆவது லெவலில் ஹெச்.பி. 472. தாக்குதலில் முழு ஈ.வி.யும் அடமன்ட் நேச்சரும் கொண்ட கிங்காம்பிட்டின் கௌடௌ கிளீவ், அதன் கூட்டாளிகள் யாரும் வீழாத நிலையில், வலுவூட்டும் பொருள் இல்லாமல், 130 முதல் 154 வரை கழிக்கும். முதல் சுற்றில் ஓர் அடி வாங்கிக்கொண்டு விஷ் செய்கிறோம். இரண்டாவது சுற்றில் இன்னோர் அடி வாங்கிக்கொண்டு ஃபிளிப் டர்ன். இரண்டு அடிகளும் உச்ச அளவில் விழுந்தாலும் 164 மிஞ்சும். வெளியேறும்போது ரீஜெனரேட்டர் 157 சேர்க்க, அலோமோமோலா 321 ஹெச்.பி.யுடன் போய் அமர்ந்துகொள்கிறது. கிரேட் டஸ்க் அடி வாங்காமல் உள்ளே வருகிறது. அந்தச் சுற்றின் முடிவில் விஷ் அதற்கு 236 தருகிறது. ஈ.வி. போடாத கிரேட் டஸ்க்கின் ஹெச்.பி. 371 என்பதால், ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு உயிர் ஒரே மூச்சில் திரும்பிவிட்டது. இப்போது கிங்காம்பிட்டின் முன்னால் நிற்பது, குளோஸ் காம்பாட் என்ற நான்கு மடங்கு அடியைக் கையில் வைத்திருக்கும் கிரேட் டஸ்க். அலோமோமோலாவின் கையில் ராக்கி ஹெல்மெட் இருந்திருந்தால், தொட்டு அடித்த இரண்டு முறையும் கிங்காம்பிட் தன் ஹெச்.பி.யில் ஆறில் ஒரு பங்கை இழந்திருக்கும் என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இந்தக் கணக்கு முழுவதும் வேகத்தின் மேல் நிற்கிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. வேகத்தில் ஈ.வி. போடாத கிங்காம்பிட்டின் வேகம் 136. ரிலாக்ஸ்டு நேச்சர் மட்டும் இருந்து, வேக ஐ.வி. (பிறவியிலேயே அமையும் மதிப்பு) உச்சமான 31 ஆகவே இருந்துவிட்டால் அலோமோமோலாவின் வேகம் 149; அது முந்திக்கொண்டு ஃபிளிப் டர்ன் செய்ய, பின்னால் வரும் கௌடௌ கிளீவ் கிரேட் டஸ்க்கின் மீது விழும். வேக ஐ.வி.யைப் பூஜ்யமாக்கினால் 121. அப்போதுதான் மேலே சொன்ன வரிசை நடக்கும். 65 என்ற அடிப்படை வேகம் நாம் நினைக்கும் அளவுக்கு மெதுவானது அல்ல. ஆகவே பூஜ்ய ஐ.வி. அழகுக்காகச் செய்யும் வேலை என்று எண்ணி விட்டுவிடக் கூடாது. இந்தப் போக்கிமானின் பாதி வேலை அதில்தான் அடங்கியிருக்கிறது.

ஈ.வி. பங்கீட்டில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. கனத்த உடம்பு என்றதும் கை பழக்கத்தில் ஹெச்.பி.யில் 252 போய்விடுகிறது; அலோமோமோலாவுக்கு அது வீண் செலவு. ஹெச்.பி. ஏற்கெனவே மிகுதியாக இருக்கும்போது, குறைவாக இருக்கும் தற்காப்பில் போடும் ஒவ்வொரு புள்ளியும்தான் அதிகமாகப் பேசும். ஹெச்.பி.க்கும் தற்காப்புக்கும் 252 வீதம் போட்டால் ஹெச்.பி. 534, தற்காப்பு 284, சிறப்புத் தற்காப்பு வெறும் 126. ஹெச்.பி.யில் இருந்ததை எடுத்துச் சிறப்புத் தற்காப்பில் போட்டு, மிஞ்சும் 4ஐ ஹெச்.பி.க்குக் கொடுத்தால் 472, 284, 189. உடல் வழித் தாக்குதலைத் தாங்கும் திறன் சுமார் 12 சதவீதம் குறைகிறது. சிறப்புத் தாக்குதலைத் தாங்கும் திறனோ சுமார் 33 சதவீதம் கூடுகிறது. இதற்கு ஒரு விலை இருக்கிறது: விஷ் 267இலிருந்து 236 ஆகவும், ரீஜெனரேட்டர் 178இலிருந்து 157 ஆகவும் இறங்கும். டிங்-லூ போன்ற பெருத்த ஹெச்.பி. கொண்ட ஒருவரை மையமாக வைத்து அணி அமைத்திருப்பவர்கள் அந்த 31 புள்ளிகளை விட்டுக்கொடுக்க மறுக்கலாம். அவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. மற்ற எல்லா அணிகளுக்கும் நான் இரண்டு தற்காப்புகளையும் உயர்த்தும் பங்கீட்டையே சொல்வேன்.

ஒன்பதாவது தலைமுறையில் நடந்த ஒரு மாற்றமும் அலோமோமோலாவுக்குச் சாதகமாக அமைந்தது. ரெக்கவர், ரூஸ்ட், ஸ்லாக் ஆஃப் முதலிய தன்னைத் தானே ஆற்றிக்கொள்ளும் நகர்வுகளின் பி.பி. (ஒரு நகர்வைப் பயன்படுத்தக்கூடிய எண்ணிக்கை) 10இலிருந்து 5 ஆகக் குறைக்கப்பட்டது; முழுவதும் உயர்த்தினாலும் எட்டு முறைக்கு மேல் அவற்றைப் பயன்படுத்த முடியாது. விஷ் மட்டும் 10இலேயே நின்றது, உயர்த்தினால் பதினாறு. ரீஜெனரேட்டருக்கோ பி.பி. என்ற பேச்சே இல்லை. நீண்டு போகும் ஆட்டங்களில், எதிர்ப்பக்கத்தில் அடி தாங்கும் சுவர்கள் ஒவ்வொன்றாக வற்றிப்போகும்போது அலோமோமோலா இன்னும் கொடுத்துக்கொண்டிருப்பதை நேரில் பார்த்தால்தான் இந்த வேறுபாட்டின் அளவு புரியும்.

விஷ், ஃபிளிப் டர்ன், ஸ்கால்ட் ஆகிய மூன்றும் அசையாத இடங்கள். ஸ்கால்டின் அடி சிறியதுதான். ஆனால் 30 சதவீத வாய்ப்பில் அது ஏற்படுத்தும் தீக்காயம், தாக்குதலை உயர்த்தும் ஸ்வோர்ட்ஸ் டான்ஸ் ஆடலாம் என்று நினைக்கும் எதிரியை ஒரு கணம் தயங்க வைக்கும். நான்காவது இடத்தில், ஒரு சுற்று அடியைத் தடுக்கும் புரொடெக்ட் வைத்தால் விஷ்ஷின் பயனை அலோமோமோலாவே பத்திரமாகப் பெறலாம். எதிரிக்கு நஞ்சேறியிருந்தால் அந்த ஒரு சுற்றில் அவர் தேயவும் செய்வார். மிரர் கோட் வைப்பவர்களும் உண்டு. பலவீனமான சிறப்புத் தற்காப்பைக் கண்டு ஆசைப்பட்டுச் சிறப்புத் தாக்குதல் செய்பவருக்கு, கழிந்த ஹெச்.பி.யைப் போல் இரண்டு மடங்கு திரும்பிப் போகும். ஒரு முறை பலித்தால் ஆட்டமே திரும்பிவிடும் என்பது உண்மைதான். ஆனாலும், எதிரி இன்னது செய்வார் என்ற ஊகத்தை நம்பியிருக்கும் நகர்வைவிட நான் புரொடெக்ட்டையே விரும்புகிறேன். பொருளில் ராக்கி ஹெல்மெட்டா ஹெவி-டியூட்டி பூட்ஸா என்பது, களத்துக்குள் வருபவரைக் காயப்படுத்தும் (பூட்ஸ் தடுக்கும்) ஸ்டெல்த் ராக்கையும் ஸ்பைக்ஸையும் அகற்ற அணியில் வேறு யாராவது இருக்கிறார்களா என்பதைப் பொறுத்தது. தாக்குதல் அல்லாத நகர்வுகளைத் தடுக்கும் அசால்ட் வெஸ்ட் மாட்டினால் விஷ் செய்யவே முடியாது. அதை மாட்டுவதாக இருந்தால் வேறு போக்கிமானை எடுப்பதே மேல்.

குறைகளையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அலோமோமோலா யாரையும் மிரட்டுவதில்லை. அது விஷ் செய்யும் சுற்றில் எதிரி துணிந்து தன்னை வலுப்படுத்திக்கொண்டால், அடுத்து இறங்கும் நம் கூட்டாளி வலுப்பெற்ற எதிரியைச் சந்திக்க வேண்டிவரும். தாக்குதல் அல்லாத நகர்வுகளைத் தடுக்கும் டான்ட்டை எதிரி போட்டால் விஷ்ஷும் புரொடெக்ட்டும் ஒருசேர முடங்கும். மின்சார வகையிலும் புல் வகையிலும் வரும் பலமான சிறப்புத் தாக்குதல்களை, எவ்வளவு ஈ.வி. போட்டாலும், இரண்டாவது முறை தாங்குவது கடினம். ரேஜிங் போல்ட் எதிரே வந்தால் வேறு வழி தேடுவதே நல்லது. இவை எல்லாவற்றையும்விட மோசமான எதிரி வெல்ஸ்பிரிங் முகமூடி அணிந்த ஓகர்பான். அதன் வாட்டர் அப்சார்ப் திறன் ஃபிளிப் டர்னை அப்படியே விழுங்கிவிடும். அடி விழாது, எதிரியின் ஹெச்.பி. நான்கில் ஒரு பங்கு ஏறும். அத்தோடு நாம் வெளியேறவும் முடியாது. புல் வகை அடியை வாங்குவதற்காக அங்கேயே நிற்க வேண்டியதுதான். ஸ்டார்ம் டிரெய்ன் கொண்ட காஸ்ட்ரோடானும் இதே முட்டுக்கட்டையைப் போடும். இத்தகையவர்கள் எதிரணியில் தெரிந்தால், ஃபிளிப் டர்னைப் பழக்க தோஷத்தில் அழுத்தாமல், அவர்கள் உள்ளே வருவார்கள் என்று எதிர்பார்த்துச் சாதாரண முறையில் கூட்டாளியை மாற்ற வேண்டும். அப்போதும் ரீஜெனரேட்டர் வேலை செய்யும்.

மற்ற நீர் வகைத் துணைகளோடு ஒப்பிட்டால், வேப்போரியன்தான் மிக அருகில் வருகிறது. விஷ்ஷும் ஃபிளிப் டர்னும் அதனிடமும் உண்டு. சிறப்புத் தற்காப்பு 95 என்பதால் அந்தப் பக்கம் உறுதியாகவே நிற்கும். ஆனால் ஹெச்.பி.யில் முழு ஈ.வி. போட்டாலும் அதன் விஷ் 232தான். ரீஜெனரேட்டர் இல்லாததால் பிறருக்குக் கொடுத்துக் கொடுத்து அது தேய்ந்துபோகும். ஸ்லோகிங்குக்கு ரீஜெனரேட்டரும், சில்லி ரிசெப்ஷன் என்ற வெளியேறும் நகர்வும் இருக்கின்றன. அணியைத் தேற்றும் வேலையை மட்டும் அதனிடம் எதிர்பார்க்க முடியாது. டொண்டோஸோ வலுப்பெற்ற எதிரிகளை நிறுத்துவதற்கு. அதன் வேலையே வேறு. டாக்ஸபெக்ஸின் தற்காப்பு எண்கள் கண்ணைப் பறித்தாலும், 50 என்ற ஹெச்.பி.யை வைத்துக்கொண்டு அது பிறருக்கு எதையும் தர இயலாது.

டெராஸ்டல் (ஆட்டத்தின் நடுவே போக்கிமானின் வகையை மாற்றும் வசதி) பற்றியும் ஒரு வார்த்தை. அலோமோமோலாவுக்கு எஃகு வகையோ தேவதை வகையோ டெராவாகக் கொடுத்து வைக்கலாம். ஆனால் பெரும்பாலான ஆட்டங்களில் அதை உபயோகிக்க வேண்டிய நிலை வருவதில்லை. அணிக்கு ஒருமுறை மட்டுமே கிடைக்கும் அந்த வாய்ப்பைத் தாக்குபவர் ஒருவருக்காக ஒதுக்கி வைக்க முடிகிறது என்பதை நான் இதன் பெரிய தகுதிகளில் ஒன்றாகவே கருதுகிறேன்.

இரட்டையர் போட்டிக்கு மட்டும் இதே மனநிலையோடு போக வேண்டாம். அங்கே ஆட்டங்கள் குறுகியவை; ஒரு சுற்று காத்திருந்து பலன் தரும் விஷ், இரண்டு எதிரிகள் ஒரே நேரத்தில் ஒருவரைக் குறிவைக்கும் களத்தில் பெரும்பாலும் தாமதமாகவே வந்து சேரும். வைட் கார்ட் போன்ற நகர்வுகள் இதனிடம் இருந்தாலும் அந்த வேலைக்குப் பொருத்தமானவர்கள் வேறு பலர் உள்ளனர்.

போக்கிமான் ஷோடவுன் போன்ற பாவனைத் தளத்தில் ஆடுபவர்கள் ஐ.வி.யைத் தட்டச்சு செய்துவிட்டு நேராகக் களமிறங்கலாம். சொந்தக் கருவியில் தயார் செய்பவர்களுக்குத்தான் சற்றுப் பொறுமை வேண்டும். திறனை அபிலிட்டி பேட்ச் மாற்றிவிடும். நேச்சரை மின்ட் சரிசெய்துவிடும். ஆனால் ஹைப்பர் டிரெய்னிங் எண்களை உயர்த்துமே தவிர இறக்காது. ஆகவே பிடித்த அலோமோமோலாவின் வேக ஐ.வி.யை முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். அது பூஜ்யத்தில் இல்லையென்றால், வேகம் பூஜ்யமாக உள்ள பெற்றோர் ஒன்றின் கையில் பவர் ஆங்க்லெட்டைக் கொடுத்து, முட்டையிலிருந்து புதிதாக ஒன்றைப் பெற்ற பிறகே மற்றச் செலவுகளைத் தொடங்குவது நல்லது.