கிட் வரி வரலாற்று டெஸ்ட்கள்: நாள்பட்ட பயன்பாட்டில் எது தாங்குகிறது, எது உடைகிறது

கிட் என்பது நிரல் கோப்புகளின் மாற்ற வரலாற்றைக் காக்கும் கருவி; அதில் பதிவாகும் ஒவ்வொரு மாற்றமும் ஒரு கமிட். வரலாற்றைக் காட்டும் அதன் லாக் கட்டளைக்கு எல் (-L) என்ற ஆப்ஷன் 2013இல், 1.8.4 பதிப்பில் வந்தது. உதாரணமாக, ஒரு கோப்பின் 5 முதல் 7 வரையுள்ள வரிகளை எந்தெந்த கமிட் மாற்றியது என்று அது காட்டும். இதற்கு டெஸ்ட் எழுத உட்காரும் பலரும் முழு அவுட்புட்டையும் கோப்பில் போட்டுவைத்து, ஒவ்வொரு ஓட்டத்திலும் அப்படியே ஒப்பிடுகிறார்கள். எழுதுவது சுலபம், பராமரிப்பது தலைவலி. கமிட் ஹாஷ் (கமிட்டின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் அடையாள எண்), தேதி, பேட்சில் (மாறிய வரிகளின் பட்டியலில்) வரும் சுருக்க ஹாஷ் எல்லாம் அதில் கலந்திருக்கும். ஹாஷைக் கணக்கிடும் முறை ஷா-1 என்பதிலிருந்து ஷா-256 ஆக மாறினால், வரி வரலாறு சரியாகவே இருந்தும் டெஸ்ட் தோற்கும். கிட்டின் சொந்த டெஸ்ட் தொகுப்பிலேயே இரண்டு ஹாஷுக்கும் தனித்தனி அடைவுகளில் எதிர்பார்ப்புக் கோப்புகள் வைக்க வேண்டிவந்தது.

தாங்குவது வேறு முறை. எந்த கமிட்கள் வந்தன என்பதை ஒரு டெஸ்ட் பார்க்கட்டும்: பேட்சை அடக்கிவிட்டு, கமிட் தலைப்பை மட்டும் அச்சிட்டு ஒப்பிட்டால் போதும். பேட்சில் எந்த வரிகள் வந்தன என்பது இன்னொரு டெஸ்டின் வேலை. எது உடைந்தாலும் காரணம் டெஸ்டின் பெயரிலேயே தெரியும்.

பிழைகள் பதுங்கும் இடம் எல்லைகள்தான். வரம்பின் முதல் வரிக்கு நேர் மேலே இரண்டு வரி செருகிய கமிட் பட்டியலில் வரக் கூடாது. ஆனால் அதற்கு முந்தைய கமிட்களில் வரம்பு 5–7 என்பது 3–5 ஆக நகர வேண்டும். கடைசி வரிக்கு நேர் கீழே செருகினாலும் வரக் கூடாது. நடுவில் செருகினால் வர வேண்டும். இந்த மூன்றுக்கும் தனித்தனி கமிட் வையுங்கள். மாதிரிக் கோப்பின் ஒவ்வொரு வரியும் வெவ்வேறாக இருக்கட்டும். ஒரே மாதிரி வரிகள் அடுத்தடுத்து இருந்தால், செருகியது அவற்றில் எது என்று டிஃப் (இரண்டு பதிப்புகளை ஒப்பிடும் பகுதி) தன் போக்கில் முடிவு செய்யும். நீங்கள் நினைத்த எல்லையை டெஸ்ட் தொடவே தொடாது.

கோப்பின் பெயர் மாற்றத்தைச் சோதிக்கும்போது மூன்று வரிக் கோப்பு ஆகாது. கிட் பெயர் மாற்றத்தை இயல்பாக 50% ஒற்றுமையை வைத்துக் கணிக்கிறது. பெயரோடு இரண்டு வரியையும் மாற்றினால் மூன்று வரிக் கோப்பு அந்த அளவைத் தாண்டாமல் போகலாம். பழைய கோப்பு நீக்கப்பட்டு, புதியது சேர்க்கப்பட்டதாகவே தெரியும். இருபது வரியாவது வையுங்கள்.

ஐந்து வரிக் கோப்பில் ஆறாவது வரியைக் கேட்டால் பிழை வர வேண்டும். இதை ஷெல் ஸ்கிரிப்டில் கட்டளைக்கு முன் வெறும் ஆச்சரியக்குறி (‘தோற்க வேண்டும்’ என்று பொருள்) போட்டு எழுதினால், நிரல் நொறுங்கி விழுந்தாலும் டெஸ்ட் தேறிவிடும். கிட்டின் டெஸ்ட் தொகுப்பில் உள்ள டெஸ்ட்_மஸ்ட்_ஃபெயில் (test_must_fail) என்ற துணைக் கட்டளை முறையான தோல்வியை மட்டுமே ஏற்கும். ஒரு கட்டளையின் அவுட்புட்டை அடுத்ததற்கு அனுப்பும் பைப்பில் கிட் கட்டளையை இடப்பக்கம் வைப்பதிலும் இதே ஆபத்து: அது வென்றதா தோற்றதா என்று சொல்லும் வெளியேறு குறியீடு காணாமல் போகும். முதலில் அவுட்புட்டைக் கோப்பில் எழுதிவிட்டுப் பிறகு கிரெப் கட்டளையால் தேடுங்கள்.

மெர்ஜ் (இரண்டு கிளைகளின் இணைப்பு) உள்ள வரலாற்றில் ஒவ்வொரு கமிட்டுக்கும் முன், அதே தொகுப்பின் டெஸ்ட்_டிக் (test_tick) அழைப்பது கட்டாயம். அது கமிட்டில் பதியும் நேரத்தை 60 விநாடி நகர்த்தி, கமிட்களின் வரிசையை நிலையாக்கும். அப்படியும் எப்போதாவது மட்டும் தோற்கும் டெஸ்ட் இருந்தால் ஸ்ட்ரெஸ் (--stress) ஆப்ஷனோடு ஓட்டுங்கள். அதே டெஸ்டைப் பல வேலைகளாக இணையாக ஓட்டி, தோல்வி கண்டதும் நிறுத்தும்.